எரிமலைத் தீவை ஒட்டிய கடலில் இரும்பு: எந்த முறையில் அளப்பது?

கப்பலில் இடம் உறுதியாகிவிட்டது, எரிமலைத் தீவைச் சுற்றிக் கடல்நீர் எடுக்கப் போகிறோம், இரும்பை எந்த முறையில் அளப்பது? கடல் வேதியியலில் ஆய்வு தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஃபெரோசின், லூமினால், வோல்ட்டமெட்ரி, தண்ணீரைப் பிடித்து வந்து ஐசிபி-எம்எஸ் (பிளாஸ்மாவில் அணுக்களை அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவி) என்று நான்கு வழிகள் இருக்கின்றன. நடைமுறையில், துறையில் எந்தக் கருவி சும்மா கிடக்கிறதோ அதுவே விடையாகிவிடுகிறது. எரிமலைத் தீவு விஷயத்தில் அப்படி முடிவெடுத்தால் பயணம் முழுக்க வீணாக வாய்ப்புண்டு. ஏன் என்பதற்கு ஒரு நிஜக் கடலை எடுத்துக்கொள்வோம்.

2011 அக்டோபர் 10 அன்று கனரித் தீவுகளில் ஒன்றான எல் இயெரோவின் தெற்கே, லா ரெஸ்திங்கா என்ற மீனவர் ஊரிலிருந்து சுமார் 1.8 கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் எரிமலை வெடித்தது. 2012 மார்ச் வரை நீடித்தது. அடங்கியபோது உச்சி கடல்மட்டத்துக்கு 90 மீட்டருக்கும் சற்றுக் குறைவான ஆழத்தில் நின்றது. பிற்பாடு அதற்குத் தகோரோ என்று பெயர் வைத்தார்கள். லாஸ் பல்மாஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்களும் ஸ்பானியக் கடலாய்வு நிறுவனத்தினரும் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். வெடிப்பின் உச்சத்தில் நீரின் பிஎச் ஏறக்குறைய 3 அலகு இறங்கியது. ஃபெரஸ் இரும்பு (ஆக்சிஜனேற்றம் அடையாத, கரைந்திருக்கும் Fe²⁺ வடிவம்) லிட்டருக்கு 50 மைக்ரோமோல் வரை போனது. அதே தீவுக்கு அப்பால், எரிமலை தொடாத மேற்பரப்பு நீரில் கரைந்த இரும்பு ஒரு நானோமோலைக்கூட எட்டாது. அதாவது சில மணிநேரப் படகுப் பயணத்துக்குள் செறிவு லட்சம் மடங்கு மாறலாம். இந்த வீச்சு முழுவதையும் தாங்கும் ஒரே கருவி கிடையாது. தேர்வில் சிக்கல் வருவதே இதனால்தான்.

## முதலில் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

எந்த இரும்பு வேண்டும்? கரைந்த மொத்த இரும்பு ஒன்று, அதில் ஃபெரஸ் பங்கு ஒன்று, கரிம மூலக்கூறுகளோடு பிணைந்த பங்கு ஒன்று. அப்புறம், அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. திறந்த கடலில் கரைந்த இரும்பில் 99 சதவீதத்துக்கும் மேல் கரிமப் பிணைப்பில்தான் இருக்கிறது. அந்தப் பிணைப்பு இல்லாவிட்டால் ஃபெரிக் இரும்பு (ஆக்சிஜனேற்றம் அடைந்த Fe³⁺ வடிவம்) ஹைட்ராக்சைடாகப் படிந்து மூழ்கிவிடும். எரிமலை வாயில் கதை தலைகீழ்: அமிலமான, ஆக்சிஜன் குறைந்த நீரில் ஃபெரஸ் இரும்பே ஆட்சி செய்கிறது. உங்கள் ஆய்வுக் கேள்வி இவற்றில் எதைத் தொடுகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால், கருவியைப் பற்றி யோசிக்க இன்னும் நேரம் வரவில்லை.

எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது? பிஎச் 8, வெப்பம் 25 டிகிரி, ஆக்சிஜன் நிறைந்த நீர் என்றால் ஃபெரஸ் இரும்பு சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். துருவப் பகுதிக் குளிர்நீரில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கும். ஆக்சிஜனேற்ற வேகம் ஹைட்ராக்சைடு செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பிஎச் 8இலிருந்து 7க்கு இறங்கினால் வினை சுமார் 100 மடங்கு மெதுவாகும். எரிமலை நீர் அமிலமாக இருப்பதால் நமக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று இதை வைத்து நம்பிவிடுகிறோம். ஆனால் ஆழத்திலிருந்து மேலே வரும் நீரில் கார்பன் டையாக்சைடு நிறைய இருக்கும். பாட்டிலைத் திறந்ததும் அது வெளியேறும், பிஎச் ஏறும், இரும்பு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும். கடலுக்குள் நிதானமாக இருந்த மாதிரி மேல்தளத்தில் அவசரக்காரனாகிவிடும்.

செறிவு வீச்சு. இதை மேலே பார்த்தோம். வாய்க்கு அருகில் மைக்ரோமோல், கலங்கல் நீர் பரவும் பகுதியில் நானோமோல், அதற்கு அப்பால் அதிலும் பத்தில் ஒரு பங்கு.

மாசு. எல்லோரும் கருவியின் கண்டறியும் எல்லையைப் பார்ப்பார்கள். எனக்கு இதுதான் முதல் அளவுகோல். ஒரு கணக்கு போடுவோம். 0.2 நானோமோல் என்பது ஒரு லிட்டரில் சுமார் 11 நானோகிராம் இரும்பு. தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய ஒரு துருத் துணுக்கில் 0.1 மைக்ரோகிராம் இரும்பு இருக்கும். அது மாதிரிக்குள் விழுந்து, அமிலம் சேர்த்தபின் முழுக்கக் கரைந்தால் உங்கள் 0.2 நானோமோல் 2 நானோமோல் ஆகிவிடும். கப்பலோ முழுக்க எஃகு. வின்ச், கம்பி, தளத்தில் உதிரும் பெயின்ட், ஆளின் காலணி என்று எங்கு திரும்பினாலும் இரும்புதான்.

காசும் ஆளும். இதை ஒவ்வொரு முறையிலும் சேர்த்தே சொல்கிறேன். விலைப்பட்டியலில் வராத செலவுகள்தான் இங்கே பெரியவை.

## ஃபெரோசின் நிறமானி

ஃபெரஸ் இரும்போடு சேர்ந்தால் ஊதா நிறம் தரும் வினைப்பொருள் ஃபெரோசின். 562 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கிறோம். 1970இலிருந்து புழக்கத்தில் உள்ள வேதியியல் என்பதால் பலரும் இதைப் பழசு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எரிமலை வாய்க்கு அருகே நான் முதலில் கையிலெடுப்பது இதைத்தான்.

எண்களைப் பாருங்கள். இந்தக் கூட்டுப்பொருளின் மோலார் உறிஞ்சல் ஏறக்குறைய 28,000. சாதாரண 1 சென்டிமீட்டர் குவெட்டில் 1 மைக்ரோமோல் இரும்பு 0.028 உறிஞ்சல் தரும். 50 மைக்ரோமோல் 1.4 தரும். அதாவது தகோரோவின் மோசமான நாளைக்கூடக் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்துக் கருவியே நேரடியாகப் படித்துவிடும். நானோமோலுக்கு இறங்க வேண்டுமானால் ஒளியை நீண்ட நுண்குழாய் வழியே செலுத்தும் செல் வேண்டும். 1 மீட்டர் செல்லில் 1 நானோமோல் 0.0028, 5 மீட்டர் செல்லில் 0.014. முதலாவது இழுபறி, இரண்டாவது படிக்கக்கூடியது.

இதன் பெரிய பலம் நேரம். தாங்கல் கரைசலோடு சேர்த்த ஃபெரோசினை முன்கூட்டியே சிறு குப்பிகளில் ஊற்றி வைத்துக்கொண்டு, மாதிரி பாட்டிலிலிருந்து வெளியே வரும் அந்த நொடியிலேயே கலந்துவிடலாம். இரும்பு பிணைந்துவிடும், ஆக்சிஜனோடு போட்டி அங்கேயே முடிந்தது.

மறைந்திருக்கும் சிக்கல்கள் மூன்று. எரிமலை நீரில் கந்தகத் துகளும் நுண்சாம்பலும் மிதக்கும். கலங்கல் தானே உறிஞ்சல் காட்டும். வடிகட்ட வேண்டும், 700 நானோமீட்டரிலும் படித்துக் கழிக்க வேண்டும். நீண்ட செல்லில் ஒரு குமிழி மாட்டினாலும் அளவீடு போச்சு, அதிலும் கார்பன் டையாக்சைடு நிறைந்த நீர் குமிழிக்குப் பேர்போனது. மூன்றாவது: கலந்தபின் நீண்ட நேரம் வைத்தால், குறிப்பாக வெளிச்சத்தில், ஃபெரிக் இரும்பும் மெல்ல ஃபெரஸாக மாறிக் கணக்கில் ஏறும். மாதிரிக்கு மாதிரி காத்திருப்பு நேரம் ஒன்றாக இருக்கட்டும்.

## லூமினால் ஒளிர்வு

கார நிலையில், பிஎச் சுமார் 10இல், ஃபெரஸ் இரும்பை ஆக்சிஜன் ஆக்சிஜனேற்றும்போது லூமினால் நீல ஒளி விடுகிறது. ஒளிப்பெருக்கிக் குழாய் அதை எண்ணுகிறது. ஓட்டமுறையில் பம்பு மாதிரியையும் வினைப்பொருளையும் சுருள் குழாயில் சந்திக்க வைக்கும். ஒரு அளவீடு ஓரிரு நிமிடம், கண்டறியும் எல்லை 0.1 நானோமோலுக்கும் கீழே. வாய்க்கும் திறந்த கடலுக்கும் நடுவே, ஃபெரஸ் இரும்பு கரைந்து மறையும் விளிம்பு எங்கே என்று தேட இதற்கு இணை இல்லை.

ஆனால் இது செல்லப்பிள்ளைக் கருவி. லூமினால் கரைசலைக் கலந்த அன்றே பயன்படுத்தினால் அடிப்படைக்கோடு அலையும். ஒரு நாளாவது ஆற வைக்க வேண்டும். பம்புக் குழாய் தேயத் தேய ஓட்டவேகம் மாறும், உணர்திறனும் கூடவே மாறும். அளவுத்திருத்தம் இன்னும் தொல்லை: கடல்நீரில் சேர்த்த ஃபெரஸ் தரக்கரைசல் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜனேற்றம் அடையும், ஆகவே சேர்த்த கணத்திலிருந்து கடிகாரம் வேண்டும். வெற்று மாதிரிக்கு, இருட்டில் வைத்து ஃபெரஸ் முழுக்க மறைந்த கடல்நீரை எடுக்கிறோம்.

எரிமலைத் தீவுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. ஒளியின் வலிமை பிஎச்சுக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும். பிஎச் 6 நீரும் பிஎச் 8 நீரும் அதே லூமினால் தாங்கலோடு கலந்தால் கலவையின் பிஎச் ஒன்றாக இருக்காது. இரண்டிலும் ஒரே அளவு இரும்பு இருந்தாலும் இரண்டு எண்கள் வரும். அமில மாதிரிகளுக்குத் தனி அளவுத்திருத்தம் போடாமல் வரையப்பட்ட வரைபடம், உண்மையில் பிஎச் வரைபடத்தைத்தான் பாதி காட்டும். கோபால்ட், ஹைட்ரஜன் பெராக்சைடு குறுக்கீடுகளையும் சோதிக்க வேண்டும். வாய்க்கு நேர் மேலே எடுத்த மாதிரியை அப்படியே செலுத்தவே கூடாது. குழாய் நிரம்பி வழியும், அடுத்த சில மாதிரிகளும் அதன் எச்சத்தைச் சுமக்கும்.

ஆள்செலவு: கருவியோடு கப்பலில் உட்கார ஒரு முழு ஆள். அவர் வேறு எதற்கும் கிடைக்க மாட்டார்.

## வோல்ட்டமெட்ரி

கரிமப் பிணைப்பை அளக்க ஏறக்குறைய இது ஒன்றுதான் வழி. மாதிரியில் சாலிசைல் ஆல்டாக்சைம் போன்ற போட்டிப் பிணைப்பியைச் சேர்த்து, படிப்படியாக இரும்பு கூட்டி, பாதரசத் துளி மின்முனையில் மின்னோட்டத்தை அளந்து, இயற்கையான பிணைப்பிகள் எவ்வளவு, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்று கணக்கிடுகிறோம். 1990களில் நிலைபெற்ற முறை.

என் கருத்து கொஞ்சம் கடுமையானது: எரிமலை வாய் இருக்கும் பயணத்தில் இதை முதன்மை முறையாக எடுக்காதீர்கள். கடல்நீரில் பிணைப்பிகள் பொதுவாகச் சில நானோமோல்தான். அங்கே ஆயிரக்கணக்கான நானோமோல் இரும்பு கொட்டும்போது எல்லாப் பிணைப்பியும் நிரம்பிவிடும். அளக்க எதுவும் மிச்சமிருக்காது. வாய்நீரில் சல்ஃபைடு இருந்தால் அதுவும் பாதரசத்தோடு சேர்ந்து தன் சொந்தச் சிகரத்தைக் காட்டும். ஒரு மாதிரிக்குப் பத்துக்கும் மேற்பட்ட குப்பிகள், இரவு முழுக்கச் சமநிலை, அப்புறம் மணிக்கணக்கில் அளவீடு. கப்பலில் பாதரசக் கழிவு என்றால் அனுமதித் தாள்களே தனிக் கட்டு.

இது ஜெயிக்கும் இடமும் உண்டு. தீவிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி, இரும்பு ஏன் இன்னும் மூழ்காமல் பயணிக்கிறது என்று கேட்டால் விடை இங்கேதான். மாதிரியை வடிகட்டி, அமிலம் சேர்க்காமல், உறைய வைத்துக் கரைக்குக் கொண்டுவரலாம்.

## பாட்டிலில் பிடித்து வந்து ஐசிபி-எம்எஸ்

0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, மிகத் தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச்சை 2க்குக் கீழே இறக்கி, அமிலத்தில் ஊறிய பாலித்தீன் பாட்டிலில் வைத்துவிட்டால் மாதிரி மாதக்கணக்கில் கெடாது. கரையில், உலோகங்களை மட்டும் பிடிக்கும் ரெசின் வழியே செலுத்தி உப்பை விலக்கி, செறிவாக்கி அளக்கிறோம். அந்த உப்பு நீக்கம் கட்டாயம். கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனிக்கும் நிறை 56, கருவியின் ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனிக்கும் நிறை 56, இரும்பின் முதன்மை ஐசோடோப்புக்கும் நிறை 56. கால்சியத்தை ரெசின் கழுவிவிடும். ஆர்கானைப் பிரிக்க உயர்பிரிதிறன் கருவியோ வினைக்கலம் பொருத்திய கருவியோ தேவை.

பலன் பெரிது. ஒரே ஓட்டத்தில் இரும்போடு மாங்கனீசு, கோபால்ட், நிக்கல், செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாம் வரும். எரிமலை நீரைத் தொடர மாங்கனீசு நல்ல துணை. இரும்பைப்போலச் சட்டென்று படிவதில்லை. கூடுதலாக ஒரு லிட்டரோ அதற்கு மேலோ எடுத்து வைத்தால் இரும்பின் ஐசோடோப் விகிதமும் பார்க்கலாம். கனரித் தீவுகளில் இது அலங்காரம் அல்ல. சஹாரா தூசி அங்கே அடிக்கடி விழுகிறது; வட அட்லாண்டிக்கில் தூசியிலிருந்து கரையும் இரும்பு கனமான ஐசோடோப் பக்கம் சாய்கிறது என்று 2014இல் காட்டினார்கள். கடலடி வெந்நீரின் இரும்போ பொதுவாக லேசான பக்கம். எரிமலையா தூசியா என்ற வழக்கில் செறிவு மட்டும் சாட்சி சொல்லாது.

இழப்பு என்ன? ஃபெரஸ், ஃபெரிக் வேறுபாடு அமிலத்தோடு போய்விடும். நீங்கள் அளப்பது கரைந்த மொத்தம் மட்டுமே. விடை வருவது பயணம் முடிந்து பல மாதம் கழித்து. அப்போது "இந்த இடத்தில் இன்னொரு மாதிரி எடுத்திருக்கலாமே" என்று தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது. கருவி கோடிக்கணக்கில் என்பதால் பிற நிறுவனத்தின் வரிசையில் நிற்க நேரும். வாய்நீர் மாதிரியைச் சொல்லாமல் கொள்ளாமல் அவர்களது ரெசினில் ஏற்றினால் அடுத்த தடவை வரிசையிலும் இடம் கிடைக்காது. முன்பே நீர்த்துக் கொடுங்கள், குப்பியில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பாட்டில் கழுவுவதையும் செலவில் சேர்க்க வேண்டும். வாரக்கணக்கில் அமிலக் குளியல், தூயநீர் அலசல், இரட்டைப் பிளாஸ்டிக் பை. திட்ட அறிக்கையில் இந்த வரிக்கு யாரும் ஆள் ஒதுக்குவதில்லை.

## ஒரே பார்வையில்

| | ஃபெரோசின் | லூமினால் | வோல்ட்டமெட்ரி | ஐசிபி-எம்எஸ் |
|---|---|---|---|---|
| அளப்பது | ஃபெரஸ் | ஃபெரஸ் | கரிமப் பிணைப்பு | கரைந்த மொத்தம், பிற உலோகங்கள், ஐசோடோப் |
| பொருந்தும் செறிவு | மைக்ரோமோல். நீண்ட செல்லில் நானோமோல் | நானோமோலும் கீழும் | நானோமோலும் கீழும் | நீர்த்தால் எல்லாமே |
| விடை | உடனே | உடனே | மறுநாள் அல்லது கரையில் | மாதங்கள் கழித்து |
| மறைசெலவு | கலங்கல், குமிழி | முழுநேர ஆள், பிஎச் திருத்தம் | பாதரசம், நேரம் | பாட்டில் சுத்தம், காத்திருப்பு |

## யாருக்கு எது

எரிமலை வாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, எவ்வளவு இரும்பு வெளிவருகிறது என்பதே கேள்வி என்றால் தளத்தில் ஃபெரோசின், கூடவே நல்ல பிஎச் அளவீடு. இரண்டாவது இல்லாமல் முதலாவதுக்குப் பொருளில்லை. வெடிப்பு ஓய்ந்து வாயுக்கசிவு மட்டும் தொடரும் கட்டத்தில், தகோரோ 2012க்குப் பின் இருப்பதுபோல, விளிம்புகளைத் தேட லூமினால்.

தெற்கு இந்தியப் பெருங்கடலின் கெர்கெலன்போல எரிமலைப் பாறையாலான, ஆனால் வாய்நீர் பேச்சே இல்லாத மேடைகளில் நிலைமை வேறு. அங்கே இரும்பு வருவது படிவுகளிலிருந்தும் அரிப்பிலிருந்தும். அளவு நானோமோலுக்கும் கீழே. பாட்டிலும் ஐசிபி-எம்எஸ்ஸும் போதும். பிணைப்பு பற்றிய கேள்வி இருந்தால் வோல்ட்டமெட்ரிக்கு உறைந்த மாதிரி.

உங்கள் கேள்வி உயிரியல் சார்ந்தது, எரிமலை இரும்பு பாசிப்பெருக்கம் உண்டாக்கியதா என்று காட்ட வேண்டும் என்றால், எந்த இரும்பு முறையும் தனியாகப் போதாது. 2018இல் ஹவாயில் கிலாவெயாவின் எரிகுழம்பு கடலில் விழுந்தபோது பெரிய பாசிப்பெருக்கம் வந்தது. எரிகுழம்பின் இரும்புதான் காரணம் என்று தோன்றுவது இயல்பு. 2019இல் வெளியான ஆய்வு வேறு காரணம் சொன்னது: சூடான எரிகுழம்பு ஆழத்து நீரை மிதந்தெழச் செய்து, நைட்ரேட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. இரும்பு மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நைட்ரேட்டுக்கு ஒரு குப்பி எடுங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

நம் பக்கத்தில் அந்தமானின் பாரன் (Barren) எரிமலைத் தீவு இருக்கிறது, போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில். அங்கே சாம்பலும் புகையும் வருவது நீருக்கு மேலே உள்ள வாயிலிருந்து. தகோரோ மாதிரியான அமிலநீர்த் தூணை எதிர்பார்த்து ஃபெரோசினை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சாம்பல் கடலில் விழுந்ததும் அதன் மேற்பரப்பு உப்புகளிலுள்ள இரும்பு சீக்கிரம் கரையும். அந்தமான் கடலின் மேற்பரப்பு நீர் 28 டிகிரிக்கு மேல். அதில் ஃபெரஸ் கனரிக் கடலைவிடவும் வேகமாக மறையும். என் தேர்வு: சுத்தமான மாதிரி எடுத்து ஐசிபி-எம்எஸ், அத்துடன் சேகரித்த சாம்பலைத் தூயநீரிலும் கடல்நீரிலும் ஊறவைத்து எவ்வளவு இரும்பு விடுகிறது என்று தளத்திலேயே ஃபெரோசினால் சோதிப்பது.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால்? கருவி வாங்காதீர்கள். டெஃப்லான் பூசிய மாதிரி பாட்டில்கள், எஃகு இல்லாத செயற்கை இழைக் கயிறு, ஹெப்பா காற்று வடிகட்டி வைத்த சின்னக் கூடாரம், நிறைய அமிலம் ஆகியவற்றில் போடுங்கள். கரைக் கருவியைக் கடன் வாங்கலாம். மாசுபட்ட மாதிரியை யாராலும் சுத்தமாக்கித் தர முடியாது. ஃபெரோசினும் ஒரு எளிய நிறமானியும் மிச்சக் காசிலேயே வந்துவிடும்.

கிளம்பும் முன் ஒப்புநீருக்கும், அதாவது இரும்பின் அளவு முன்பே தெரிந்த கடல்நீருக்கும், ஏற்பாடு செய்துவிடுங்கள். கடைகளில் எளிதில் கிடைக்கும் சான்றளித்த கடல்நீரில் இரும்பு, திறந்த கடல் மேற்பரப்பைவிடப் பல மடங்கு அதிகம். அதில் சரியாக வந்தது என்று குறைந்த செறிவில் நிம்மதியடைய முடியாது. பல ஆய்வகங்கள் சேர்ந்து இரும்பு அளவீட்டை ஒப்பிட்ட சேஃப் (SAFe) திட்டத்துக்காக 2004இல் வட பசிபிக்கில் சேகரித்த மேற்பரப்பு நீரின் ஒப்புக்கொண்ட மதிப்பு கிலோவுக்கு 0.093 நானோமோல். கடலின் நுண்ணளவுத் தனிமங்களை உலகளாவிய அளவில் ஆராயும் ஜியோட்ரேசஸ் திட்டத்தோடு தொடர்புள்ள ஏதாவது ஆய்வகத்தைக் கேட்டு, அந்த வரிசையில் ஒரு பாட்டிலாவது வாங்கி, உங்கள் முதல் மாதிரிக்கு முன்பும் கடைசி மாதிரிக்குப் பின்பும் ஓட்டுங்கள்.